பெற்றோலின் தரத்தை யார் பார்க்கிறார்கள்? வன்னியில் வாகனம் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

ஏ9 வீதியில் புளியங்குளம் சந்தியால் நெடுங்கேணிப் பக்கம் திரும்பும் ஒரு மோட்டார் சைக்கிளின் தாங்கியில் உள்ள பெற்றோல் இந்த நாட்டு மண்ணில் எடுக்கப்பட்டதல்ல. ஒன்றில் அது மசகு எண்ணெயாகக் கப்பலில் வந்து சப்புகஸ்கந்தையில் சுத்திகரிக்கப்பட்டது. அல்லது சுத்திகரித்த பெற்றோலாகவே கொழும்பில் இறக்கப்பட்டது. கொலன்னாவ, முத்துராஜவெல களஞ்சியங்களைத் தாண்டி, பவுசர்களில் ஏறி அது வன்னிக்கு வருகிறது. வாகனத்தின் புகையை வருடாவருடம் பரிசோதிக்க வேண்டும் என்று உரிமையாளருக்குச் சட்டம் சொல்கிறது. அந்தப் புகைக்குக் காரணமான எரிபொருளின் தரம் பற்றி அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவதைச் சனம் பழகிக்கொண்டது. பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. கண்ணை எரிக்கும் அந்தப் புகையை ஒரு தலைமுறையே சுவாசித்தது. அப்போது தரம் பற்றிய கேள்விக்கே இடமிருக்கவில்லை. கிடைப்பதே பெரிய காரியம்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதே ஆண்டு ஜூனில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஒக்டேனை உயர்த்துவதற்காக 1920கள் முதல் உலகெங்கும் பெற்றோலில் சேர்க்கப்பட்ட ஈயம், சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. வாகனங்களுக்கான ஈயப் பெற்றோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா. அது நடந்தது 2021இல்.

சட்டத்தில் உள்ளது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், வாகனப் புகை, எரிபொருள், வாகன இறக்குமதி ஆகிய மூன்றுக்குமான தரங்களை வகுக்கும் ஒழுங்குவிதிகள் 2000ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியாகி, 2003இல் திருத்தப்பட்டன. புகையும் எரிபொருளும் ஒரே விதியில் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. எரிபொருளில் கந்தகம் கூடினால், புகையைச் சுத்தமாக்க வாகனத்தில் பொருத்தப்பட்ட கருவி செயலிழந்துபோகும். எனவே எரிபொருளைத் திருத்தாமல் வாகனத்தை மட்டும் பரிசோதிப்பது அரைவேலை.

நடைமுறையில் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இன்று அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. எரிபொருள் பக்கத்தில், 2018 ஜூலையில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் யூரோ 4 தர எரிபொருளை அறிமுகப்படுத்தியது. அந்தத் தரத்தின்படி கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கைத் தாண்டக்கூடாது. பெற்றோலில் பென்சீன் ஒரு வீதத்துக்கு மேற்படக்கூடாது. ஆனால் அந்த அறிமுகம் விலைகூடிய 95 ஒக்டேன் பெற்றோலுக்கும் சுப்பர் டீசலுக்குமே உரியது. கூலிக்குப் போகிறவரின் மோட்டார் சைக்கிளுக்கும் வயல் உழும் உழவு இயந்திரத்துக்கும் அடிப்பது அவையல்ல.

கப்பலில் வருவது

எரிபொருள் வர்த்தகர்கள் வாங்கும் நாட்டின் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அந்த அளவுக்குக் கலந்து அனுப்புவார்கள். ஐரோப்பாவில் விற்க முடியாத, கந்தகம் மிகுந்த எரிபொருள் மேற்கு ஆபிரிக்காவுக்குப் போவதைச் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2016இல் அம்பலப்படுத்தியது. அதன்பின் கானா தனது கந்தக எல்லையைக் கடுமையாக இறுக்கியது. எல்லை தளர்வாக இருக்கும் நாட்டுக்கே தரம் தாழ்ந்தது வரும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

இலங்கையிலும் இரண்டு அனுபவங்கள் உண்டு. 2011இல் தரம் குறைந்த பெற்றோல் சந்தைக்கு வந்து வாகனங்கள் பழுதடைந்தன. 2017 ஒக்டோபரில் லங்கா ஐஓசி நிறுவனத்துக்காக வந்த ஒரு கப்பலின் பெற்றோல் தரப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டது. நவம்பரில் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசை நின்றது. முதல் தடவை பழுதானது வாகனம். இரண்டாவது தடவை பரிசோதனை தன் வேலையைச் செய்தது, ஆனால் கையிருப்பு போதவில்லை. சோதனையும் வேண்டும், நிராகரிக்கும் துணிவுக்கேற்ற கையிருப்பும் வேண்டும்.

வாங்குபவர் செய்யக்கூடியவை

கந்தகத்தையோ பென்சீனையோ நிறத்தைப் பார்த்தோ மணந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். மண்ணெண்ணெய்க் கலப்பை ஓரளவு ஊகிக்கலாம். வெள்ளைக் கடதாசியில் விட்ட ஒரு துளி நல்ல பெற்றோல் விரைவில் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் சந்தேகப்படலாம்.

எரிபொருள் நிலையத்தில் அடித்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். பழுதுக்கு நட்டஈடு கேட்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். வீதியோரப் போத்தல் பெற்றோலுக்கு அந்த ஆதாரமும் இல்லை. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி பெற்றோல் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நுரையீரலுக்குள் போகும் சிறிதளவு பெற்றோலே உயிருக்கு ஆபத்து. சோடாப் போத்தலில் ஊற்றிச் சிறுவர்களுக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் அப்படியே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, இறக்குமதித் தொகுதிகளின் தரப் பரிசோதனை அறிக்கைகளைக் கோரி எந்தப் பிரசையும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். ஒரு காலத்தில் எங்களுக்கு எரிபொருள் வருமா என்று மட்டுமே கேட்க முடிந்தது. இன்று எது வருகிறது என்று எழுத்தில் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. உள்ளூர்ச் சங்கங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் அந்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம்.