எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எஞ்சினார்கள்?

நான் நெடுந்தீவில் பிறந்தவன். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாத நாளில் எங்கள் கிளினிக்கும் தவறிவிடும். பதிவேட்டில் அது "வரவில்லை" என்ற ஒரு சொல்லாக மட்டுமே இருக்கும்.

போருக்குப் பின்னர் படிவங்களோடு எங்கள் வீடுகளுக்கு வந்தவர்கள் பலர். நாங்கள் சொன்னவை என்னவாயின என்று திரும்பி வந்து சொன்னவர்களை நான் காணவில்லை. அதனால்தான் மருத்துவ ஆய்வுகள் எப்படி எழுதப்படுகின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய, ஆட்களை எழுமாற்றாகக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குச் சிகிச்சை கிடைக்கும். மற்றதற்கு வழமையான கவனிப்பு அல்லது காத்திருப்பு. பின்னர் இரண்டையும் ஒப்பிடுவார்கள். முறை நல்லதுதான். ஆனால் சாதகமான முடிவை மட்டும் எழுதினால் வாசிப்பவர் ஏமாறுவார். இதைத் தடுக்கவே 1996இல் கன்சோர்ட் என்ற வழிகாட்டி வெளிவந்தது. அதன் 2010 பதிப்பில் 25 அம்சங்கள் இருந்தன. 2025 பதிப்பில் 30 உள்ளன. எதை அளக்க முதலிலேயே திட்டமிட்டார்கள், பாதகம் ஏதும் நேர்ந்ததா, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஏன் விலகினார்கள் என்பவற்றை எழுத வேண்டும்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? போரால் பாதிக்கப்பட்ட வட இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் 399 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2012இல் 'வேர்ல்ட் சைக்கியாட்ரி' சஞ்சிகையில் வெளியானது. ஐந்து வாரங்களில் 15 உளவள அமர்வுகள் நடத்தப்பட்டன. முதன்மையாக அளக்கத் திட்டமிட்டவற்றில் ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. போர் சார்ந்த நெருக்கடி அப்போது குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே மனவடு அறிகுறிகளில் கூடுதல் பலன் கிடைத்தது. அமர்வுகளில் பங்குபற்றிய சிறுமிகளின் மனவடு அறிகுறிகளோ, காத்திருந்த சிறுமிகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை.

உபகுழுக்களில் கிடைக்கும் இத்தகைய முடிவுகளை இன்னோர் ஆய்வு உறுதிப்படுத்த வேண்டும். ஆனாலும் ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். "நடத்தை சீரானது" என்று மட்டும் எழுதியிருந்தால், அதே அமர்வுகள் மாற்றமின்றி அடுத்த பாடசாலைக்கும் போயிருக்கும். அந்தச் சிறுமிகளைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆய்வு தொடங்குமுன்பே அதன் திட்டத்தைப் பகிரங்கமாகப் பதிவு செய்ய, இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவப் பரிசோதனைப் பதிவகம் 2006 முதல் இருக்கிறது. திட்டம் இடையில் மாறியதா என்பதைப் பின்னர் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி யாராவது படிவத்தோடு வந்தால் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆய்வு பதிவு செய்யப்பட்டதா? பலன் இல்லாவிட்டாலும் முடிவை வெளியிடுவீர்களா? அதை எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்வீர்களா?

தீவார் நாலாவதாக ஒன்றையும் கேட்கலாம்: படகு ஓடாததால் நான் வராவிட்டால், அந்தக் காரணத்தையும் எழுதுவீர்களா?