எண்கள் பேச்சில் பழகட்டும்

இருபது வரை மடமடவென ஒப்பிக்கும் பிள்ளை, தட்டில் எத்தனை இட்லி என்று கேட்டால் திகைக்கலாம். கடைசியாகச் சொல்லும் எண்ணே மொத்தம் என்பது பிடிபடச் சற்றுக் காலமாகும்.

பெற்றோர் கண்முன் உள்ள பொருள்களை, அதிலும் நான்கு முதல் பத்து வரை, எண்ணிப் பேசிய வீடுகளில் பிள்ளைகள் பின்னர் எண்களின் பொருளை நன்கு அறிந்திருந்தனர் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011ல் தெரிவித்தது.

இதற்குத் தனி நேரம் வேண்டாம். தேக்கா சந்தையில், “நான்கு, ஐந்து, ஆறு. மொத்தம் ஆறு தக்காளி” எனலாம். மின்தூக்கியில், “இன்னும் எத்தனை மாடி?” எனக் கேட்கலாம்.

தமிழில் எண்ணுவதில் ஒரு வசதியும் உண்டு. ‘இருபத்து மூன்று’ என்னும்போதே இரு பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன.

பிள்ளை தவறாகச் சொன்னால், “வா, சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்” என்றாலே போதும்.