அரிமளத்து எம்ஜியும் அஞ்சு டயரும்

போன மாசம் நான் போட்ட ஒரு போட்டோவுக்கு நிறையப் பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. மரக்கட்டை மேல தூக்கி வெச்ச ஒரு குட்டி சிவப்பு கார், பானட் மேல ஒரு சேவல். "இது எந்த ஊர், என்ன கார்?"னு கேட்டவங்களுக்காகத்தான் இந்த எபிசோட். ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன், கார் பத்தி கம்மியாத்தான் பேசப்போறேன். டயர் பத்தித்தான் அதிகம்.

ஊர் அரிமளம். புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம். நகரத்தார் ஊர்கள் வரிசையில் வடக்கே இருக்கிற ஒண்ணு. என் நண்பனோட பூர்வீக வீடு அங்கே இருக்கு. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கிற மாதிரி நீளமான வீடு. பின்கட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கொட்டகையில நின்னது எம்ஜி டிசி. இங்கிலாந்துல 1945 முதல் 1949 வரைக்கும் சுமார் 10,000 கார்தான் இந்த மாடல்ல செஞ்சாங்க. 1250 சிசி இன்ஜின், ரெண்டே சீட்டு, எடை 800 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சைக்கிள் மாதிரி கம்பி வெச்ச ஒல்லியான, உயரமான சக்கரம்.

நண்பனோட ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, இதை 1948-ல வாங்கினாராம். அந்த வருஷம் மார்ச் 3-ம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோட இணைஞ்சது. அதனால கார் வீட்டுக்கு வந்தப்ப அரிமளம் ராஜா ஊரா, மெட்ராஸ் மாகாணமான்னு இன்னைக்கும் அந்த வீட்டில ஒரு வாக்குவாதம் உண்டு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் அது ஒரு தடவை நடக்கும்.

நண்பனோட அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. அவருக்கு ஒரே ஆசை. இந்தக் காரைத் திருமயம் கோட்டை வரைக்கும் ஓட்டிட்டுப் போய்த் திரும்பணும். இன்ஜின் தயார் ஆயிடுச்சு. பிரேக் தயார். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, டயர்ல பட்டன் அப்படியே இருக்கு. காத்து புடிச்சா போதும், ஓடிரும்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. பட்டன் நிஜமாவே முழுசா இருந்தது. ஆனா பக்கவாட்டுல நகத்தை வெச்சு அழுத்தினேன், கறுப்புத் தூளா உதிர்ந்தது. ரப்பர் தேஞ்சுதான் சாகணும்னு இல்லை. காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வெடிக்க வைக்கும். ஓடுற டயரைவிட நிக்கிற டயருக்கு ஆபத்து ஜாஸ்தி. உள்ளே கலந்திருக்கிற பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேலே கசிஞ்சு வரும். நின்ன இடத்துலேயே நின்னா அதுவும் வராது. பழைய கார் வெச்சிருக்கவங்க இதைத்தான் அடிக்கடி மறப்பாங்க.

சரி, புது டயர். எதைப் போடறது?

இங்கேதான் மெக்கானிக் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கேட்டதும் எனக்கும் பிடிச்சுப்போச்சு. "19 இஞ்ச் ரிம்தானே தம்பி? புல்லட்டுக்கும் 19தான். நாலு புல்லட் டயர் வாங்கி மாட்டிருவோம்."

புல்லட்டுக்கு 3.25-19, இந்தக் காருக்கு 4.50-19. ரெண்டாவது எண் ஒண்ணுதான். முதல் எண்தான் பிரச்சனை. அது டயரோட அகலம். அந்தக் காலத்து டயர்ல அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் உயரமும். அப்போ கார் டயரோட மொத்த விட்டம் 19-உம் ரெண்டு 4.50-உம் சேர்த்து 28 இஞ்ச். புல்லட் டயர் 25.5 இஞ்ச். கார் ஒண்ணேகால் இஞ்ச் தரையை நெருங்கிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா நிஜத்துல 55-க்கும் கீழேதான் போய்க்கிட்டிருப்போம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். பெரிய விஷயம் வேற. பைக் திரும்பும்போது சாயும், கார் சாயாது. பைக் டயரோட முகம் அதுக்காகவே உருண்டையாக இருக்கு. எந்தப் பக்கம் சாஞ்சாலும் எடை டயரோட நடுவுக்குள்ளேயே இறங்கும். கார் வளைவுல திரும்பும்போது அதே எடை டயரைப் பக்கவாட்டுல பிடிச்சுத் தள்ளும். அதைத் தாங்கத்தான் கார் டயர் தட்டையாக, வேற மாதிரி கட்டப்பட்டிருக்கு. ரிம்மோட அகலமும் வேற. அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப மாட்டு வண்டில குதிரையைக் கட்டுற கதையா?" என்றார். அவ்வளவுதான், ஒத்துக்கிட்டார்.

அடுத்தது ரேடியல். இன்னைக்கு நம்ம கார்கள்ல இருக்கிறது எல்லாமே ரேடியல்தான். பழைய டயர்ல நூல் அடுக்குகள் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே, சாய்வாகப் போகும், அதுக்கு கிராஸ்பிளைன்னு பேர். ரேடியல்ல நூல் நேரா ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போகும், மேலே எஃகுப் பட்டை. பிரான்ஸ் மிஷ்லின் கம்பெனி 1946-ல பேட்டன்ட் வாங்கி, 1949-ல விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த எம்ஜி தயாராகிக்கிட்டிருந்த அதே வருஷங்கள் பாருங்க. கடலுக்கு அந்தப் பக்கம் எதிர்காலம் தயார். இங்கிலாந்துல இவங்க இன்னும் மரச்சட்டத்து மேல தகடு அடிச்ச உடம்புல கார் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

ரேடியல் நல்லாப் பிடிக்கும். அதுதான் இங்கே சிக்கல். ரோட்டை டயர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதோ அவ்வளவு விசையும் சக்கரத்துக் கம்பிக்கும் அச்சுக்கும் போகும். எழுபத்தஞ்சு வருஷத்துக் கம்பி அது. கிராஸ்பிளை வளைவுல முதல்லேயே மெதுவா வழுக்க ஆரம்பிச்சு எச்சரிக்கை கொடுக்கும். ரேடியல் கடைசி வரைக்கும் பிடிச்சு, சட்டுனு விடும். எல்லாப் பழைய காருக்கும் ரேடியல் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 1960-களோட கார்னா யோசிக்காம ரேடியல் போடுவேன். இந்தக் காருக்கு மட்டும் கிராஸ்பிளைதான்னு முடிவு பண்ணினோம்.

இந்த முடிவை எடுத்த அன்னைக்கு சாயங்காலம் நண்பனோட அப்பா ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பேரேடுகள். ஐயா மலாயாவுல லேவாதேவி பண்ணினவர். "காரு ரப்பர் காசுல வாங்குனதுப்பா"ன்னார். அப்போதான் எனக்கு உறைச்சது. நான் ரெண்டு நாளா டயர் டயர்னு பேசிக்கிட்டு இருந்த வீடே ரப்பர்ல கட்டினதுதான்.

ரப்பர் மரம் மலாயாவோட மரமே இல்லை. 1876-ல ஹென்றி விக்கம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் அதுல முளைச்ச 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தது. மரத்தைக் கொல்லாம பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையை சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து ரிட்லி கண்டுபிடிச்சுக் கொடுத்தார். இதுக்கு நடுவுல 1888-ல டன்லப்ங்கிற மாட்டு டாக்டர் தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்குக் காத்தடிச்ச டயர் போட்டார். அப்புறம் கார் வந்தது. மலாயாக் காடெல்லாம் ரப்பர் ஆச்சு.

மரம் சீவ ஆள் வேணுமே. அந்த ஆள் நம்ம ஊர்க்காரங்க. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துல இருந்து கங்காணி கூட்டிட்டுப் போவார். நாகப்பட்டினத்துல கப்பல், பினாங்குல இறக்கம். ரப்பரை அவங்க 'கித்தா'ன்னாங்க, மலாய் வார்த்தை. இன்னைக்கும் மலேசியத் தமிழ்ல அந்தச் சொல் உயிரோட இருக்கு. அதே பினாங்குக்கு அதே நாகப்பட்டினத்துல இருந்து இன்னொரு கூட்டமும் போச்சு: ஏஜண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன். 1930-களோட தொடக்கத்துல ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனப்ப, கடனுக்கு அடமானம் வெச்ச தோட்டங்கள் நிறையச் செட்டியார்கள் கைக்கு வந்தது. ஐயா கணக்குல வர்ற தோட்டமும் அப்படித்தான்.

பேரேட்டைப் புரட்டினேன். எத்தனை ஏக்கர், எத்தனை மரம், என்ன விலை, எல்லாம் முத்து முத்தான கையெழுத்துல. மரம் சீவினவங்களுக்கு ஒரே ஒரு வரி. 'ஆள் கூலி.' பேர் எதுவும் இல்லை. குத்தம் சொல்லலை, கணக்குப் புத்தகம் அப்படித்தான் இருக்கும். ஆனா அந்த வீட்டைப் பார்த்துக்கற அம்மா காபி கொண்டு வந்தவங்க, நாங்க பேசறதைக் கேட்டுட்டு நின்னாங்க. "எங்க அப்பத்தாவோட அண்ணன் ஒருத்தரு பினாங்கு போனாரு தம்பி. சப்பான்காரன் வந்த பொறவு கடுதாசியே இல்ல"ன்னாங்க.

1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தது. தோட்டங்கள் ஜப்பான் கையில. கூலி கிடையாது, சோறு கிடையாது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கூட்டிட்டுப் போனாங்க. மலேசியாவுல அதுக்குப் பேரே சயாம் மரண ரயில். காலரா, மலேரியா, பட்டினி. எத்தனை பேர் செத்தாங்கன்னு யாரும் ஒழுங்கா எண்ணலை. உலகத்துக்கு ரப்பர் நின்னுபோனதும் முதல்ல தவிச்சது டயர்தான். அமெரிக்காவே அந்த வருஷம் முதல்ல ரேஷன் போட்டது சர்க்கரைக்கு இல்லை, டயருக்கு.

அந்த அம்மாவோட உறவுக்காரர் எங்கே போனார்னு எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்துல இருந்தாரா, வேற எதுலயாவா, அதுவும் தெரியாது. நண்பனோட அப்பா பேரேட்டை மூடலை. 'ஆள் கூலி' வரியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "அவரு பேரு என்ன?"ன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டார்.

திரும்ப டயருக்கு வர்றேன். இந்தியாவோட முதல் டயர் தொழிற்சாலை 1936-ல வங்காளத்துல சாகஞ்ச்ல டன்லப் தொடங்கினது. நம்ம பக்கம் 1946-ல திருவொற்றியூர்ல ஒரு சின்னக் கொட்டகையில மாம்மன் மாப்பிள்ளை பலூன் செஞ்சார். விளையாட்டுப் பலூன்தான். அதுதான் எம்ஆர்எஃப். 1952-ல டிரெட் ரப்பர், அதாவது மொட்டை டயருக்கு மேல ஒட்டுற பட்டை. டயருக்கு வந்தது 1961-ல. புல்லட் தொழிற்சாலையும் அதே திருவொற்றியூர்தான். ஆனா எம்ஜி மாதிரி 19 இஞ்ச் கார் டயர் அதுக்குள்ள வழக்கொழிஞ்சு போச்சு. சக்கரம் சின்னதாகிட்டே வந்தது, 1950-களோட நடுவுல இறக்குமதிக் காரே அரிதாச்சு. ஐயா காரை மூடி வெச்சதுக்குக் காரணம் இன்ஜின் இல்லையாம், டயர் கிடைக்காததாம்.

இந்த அளவை வெளிநாட்டுல இன்னும் வார்க்கிறாங்க. ஆனா 2020 ஜூன்ல இருந்து புது டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும், அதுக்கு முன்னாடியே ஐஎஸ்ஐ விதியும் இருக்கு. விண்ணப்பம் போட்டிருக்கோம். அஞ்சு டயர், அஞ்சு ட்யூப், கம்பி முனை ட்யூபைக் குத்தாம இருக்க அஞ்சு ரிம் டேப். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அது ரெண்டு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா திருப்பி அனுப்புவோம்னு எழுதிட்டோம்.

பழைய டயரை மெக்கானிக் அண்ணன் நெம்பி எடுத்தப்ப நாலுல ரெண்டு உடைஞ்சே போச்சு. மீதி ரெண்டு கொட்டகையில சாத்தி வெச்சிருக்கு. சேவல் இப்போ அதுமேலதான் உட்காருது.