குளிர்நாட்டு அல்லி நிறம் பெற்ற வரலாறு

அல்லி நமக்குப் புதிய மலரன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆம்பலும் குவளையும் உண்டு. வெள்ளை, சிவப்பு, நீலம் ஆகிய மூன்று நிறங்களிலும் அல்லி நம் நாட்டு நீர்நிலைகளில் தானாகவே வளர்கிறது. ஆனால், 1870-க்கு முன் ஐரோப்பியரின் திறந்தவெளித் தோட்டக் குளங்களில் பெரும்பாலும் வெள்ளை அல்லி ஒன்றுதான் இருந்தது. இன்று அங்கே மஞ்சளும் இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்பும் பூக்கின்றன. இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? அதை அறிந்தால், தருமபுரியில் உங்கள் வீட்டுத் தொட்டியிலும் அரியதோர் அல்லியை வளர்க்கலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பனிக்கட்டிக்குக் கீழே

தோட்டக் கலைஞர்கள் அல்லிகளை வெப்ப மண்டல அல்லி, குளிர் தாங்கும் அல்லி என இரண்டாகப் பிரிப்பர். நம் ஏரி அல்லிகள் முதல் வகை. கோடையில் ஏரி வற்றினாலும் அவற்றின் கிழங்கு சேற்றுக்குள் உறங்கி, அடுத்த மழையில் தளிர்க்கும். வறட்சியைத் தாங்கும் இக்கிழங்கு கடுங்குளிரைத் தாங்காது. இரண்டாம் வகையில் தடித்த மட்டநிலத்தண்டு சேற்றில் கிடையாகப் படர்ந்து செல்லும். குளிர்காலத்தில் இலைகள் அழிந்தாலும் தண்டு பிழைத்திருக்கும்.

குளமே உறையும்போது அது பிழைப்பது எப்படி? பள்ளியில் நீங்கள் படித்த விதி ஒன்றே காரணம். நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியசில் மிக அதிகம். ஆகவே அந்த வெப்பநிலையிலுள்ள நீர் அடியில் தங்குகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகிறது. மேலே படரும் பனிக்கட்டி ஒரு போர்வையாகி, அடியிலுள்ள நீர் வெப்பத்தை இழப்பதைத் தடுக்கிறது. போதிய ஆழம் இருந்தால் அடிச்சேறு உறைவதில்லை, தண்டும் சாவதில்லை.

ஸ்வீடனில் ஒரு சிவப்பு

1856-இல் ஸ்வீடன் நாட்டின் ஃபாகெர்டேர்ன் என்னும் சிறு ஏரியில் வெள்ளை அல்லியின் சிவப்பு வடிவம் கண்டறியப்பட்டது. குளிர் தாங்கும் செடியில் சிவப்புப் பூ! செய்தி பரவியது. பலர் சென்று செடிகளைப் பறித்து எடுத்தனர். அரிய மலருக்குப் புகழே பகையாயிற்று. 1905-இல் அந்நாட்டில் அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் தென்மேற்குப் பிரான்சில் லத்தூர்-மார்லியாக் (1830–1911) என்பவர் நிறங்களை ஒன்றுசேர்க்க முற்பட்டார். 1875-இல் லே தாம்பிள்-சூர்-லோ என்ற ஊரில் அவர் அல்லி நாற்றுப்பண்ணையை நிறுவினார். வெள்ளை ஐரோப்பாவில் இருந்தது. மஞ்சள் மெக்சிக்கோ அல்லியிடம் இருந்தது. சிவப்பு ஸ்வீடனில் கிடைத்தது. இவற்றைக் கலப்பதற்குக் கூர்ந்த கவனம் வேண்டும். அல்லிப்பூ விரியும் முதல் நாளில் அதன் சூல்முடி மட்டுமே மகரந்தத்தை ஏற்கத் தயாராக இருக்கும். அதன் சொந்த மகரந்தம் அடுத்த நாள்தான் வெளிப்படும். எனவே வேறொரு பூவின் மகரந்தத்தை அந்த முதல் நாளிலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

ஈஃபில் கோபுரம் எழுந்த 1889-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் அவருடைய அல்லிகள் வைக்கப்பட்டன. ஓவியர் கிளாடு மோனே அவற்றைக் கண்டு மயங்கினார். 1893-இல் ஷிவெர்னியில் குளம் அமைக்க நிலம் வாங்கி, மறு ஆண்டே மார்லியாக்கிடம் செடிகளைத் தருவித்தார். உலகம் வியக்கும் அவருடைய அல்லி ஓவியங்கள் அக்குளத்தில் பிறந்தவையே.

விதையில்லாத செல்வம்

இந்த வரலாற்றில் சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்லியாக்கின் கலப்பினங்களுள் பல மலடானவை. அவை விதை தருவதில்லை. தம் கலப்பு முறையின் நுட்பங்களையும் அவர் முழுமையாக வெளியிடவில்லை. அப்படியானால் அவை இன்றுவரை எப்படி வாழ்கின்றன? தண்டை வெட்டிப் பிரித்து நட்டுநட்டே அவற்றைக் காத்து வருகிறார்கள். இன்று ஒரு தொட்டியில் பூக்கும் அத்தகைய அல்லி, மார்லியாக் கண்ட அதே செடியின் ஒரு துண்டு! காப்பவர் கை ஓய்ந்தால் அவ்வகை உலகிலிருந்தே மறைந்துவிடும். அதைத் திரும்பப் பெற விதை இராது.

நீலம் மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. நம் நாட்டு நீல அல்லி வெப்ப மண்டலக் கிளையைச் சேர்ந்தது; குளிர் தாங்கும் கிளையோடு எளிதில் கலவாது. 2007-இல்தான் தாய்லாந்தைச் சேர்ந்த பைரட் சோங்பனிச் இரு கிளைகளையும் இணைத்துக் குளிர் தாங்கும் நீல அல்லியை உருவாக்கினார்.

உங்கள் தொட்டியில்

தருமபுரியில் பனிக்கட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கோடை வெயிலுக்குத்தான் அஞ்ச வேண்டும். நீர் மிகவும் சூடேறினால் அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். தண்டு அழுகவும் கூடும். இங்கும் இயற்பியல் கைகொடுக்கிறது. ஒரே பரப்பும் ஒரே வெயிலும் உள்ள இரு தொட்டிகளில், ஆழம் இருமடங்கானால் பகலில் ஏறும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே அகன்ற, ஆழமான சிமெண்டுத் தொட்டியே நல்லது. பூப்பதற்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை.

அகன்ற சட்டியில் களிமண் நிரப்பி, தண்டை ஓரமாகச் சாய்த்து நடுங்கள். வளரும் நுனி சட்டியின் நடுவை நோக்கி இருக்கட்டும். அது மண்ணில் புதையக் கூடாது. கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களையும் தொட்டியில் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தண்டைப் பிரித்து, ஒரு துண்டை இன்னொருவருக்குக் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனாலும் அந்த வகை பிழைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: அயல்நாட்டு அல்லியை ஊர் ஏரியில் விட வேண்டாம். அது பரவி நம் அல்லியின் இடத்தைப் பிடிக்கலாம். கலப்பின அல்லிக்கு உங்கள் தொட்டி போதும். ஆனால் நம் நாட்டு அல்லிக்கு ஏரியே வீடு. ஏரியைத் தூர்த்துவிட்டால் அதன் கிழங்கு எந்த மழைக்காகக் காத்திருக்கும்?