பல்லாவரமும் சூழலும்: சென்னைப் புறநகரின் தொன்மையான இடங்கள்

சென்னையின் வயதை 1639-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் நிலம் பெற்ற ஆகஸ்ட் 22 இன்று 'சென்னை நாள்' எனக் கொண்டாடப்படுகிறது. இக்கணக்கின்படி புறநகர்கள் நகரம் வளர்ந்தபோது அதனுடன் ஒட்டிக்கொண்ட ஊர்கள். ஆனால் இப்பகுதியில் மனித வாழ்வின் தொன்மையான தடயங்கள் பல கோட்டைக்குள் இல்லை, தென்மேற்குப் புறநகரில்தான் உள்ளன. பல்லாவரத்தில் தொடங்கித் திருச்சூலம், திருநீர்மலை, குன்றத்தூர் வரை உள்ள சில இடங்களை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பல்லாவரத்துக் கற்கருவி

1863, மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்து இராணுவ அணிவகுப்புத் திடல் பகுதியில் சரளைக்கல் எடுக்கத் தோண்டிய குழியொன்றில் மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அழிந்துபோன விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்தான் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் 1859-இல்தான் பரவலாக ஏற்கத் தொடங்கியிருந்தனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் பல்லாவரத்துக் குழி அவ்விவாதத்திற்குள் இந்தியாவையும் கொண்டுவந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட், வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அங்கு சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. அவை அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் எனக் காட்டின. ஃபூட் திரட்டிய தொகுப்பு 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்தது. பல்லாவரத்திற்குச் செல்லும் முன்னர் எழும்பூருக்குச் சென்று இக்கருவிகளைப் பார்ப்பது நல்லது. எந்தக் கல்லைத் தேடி ஒருவர் குனிந்தார் என்பது அப்போதுதான் புரியும்.

பெருங்கற்காலத்திலும் இவ்வூரில் மக்கள் வாழ்ந்தனர். 1880-களில் அலெக்சாண்டர் ரீ இங்கு கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார்.

மகேந்திரவர்மனின் குடைவரை

பல்லவபுரம் என்ற பெயரே பல்லாவரம் என மருவியது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இங்குள்ள குன்றில் ஐந்து கருவறைகள் கொண்ட குடைவரை ஒன்றைக் குடைவித்தான். அதில் பல்லவ கிரந்த எழுத்தில் மன்னனின் பட்டப்பெயர்கள் நீண்ட பட்டியலாக வெட்டப்பட்டுள்ளன. வடமொழிப் பட்டங்களோடு தெலுங்குச் சாயல் கொண்ட பட்டங்களும் அதில் உண்டு.

இக்குடைவரை நெடுங்காலமாக இஸ்லாமியர் வழிபடும் தலமாக இருந்துவருகிறது. கருவறைகளில் பழைய சிலைகள் இல்லை. இன்றைய வழிபாட்டிற்கேற்ப வண்ணம் பூசப்பட்டுள்ளது. செல்பவர்கள் அங்கு வழிபடுவோரின் முறைமைகளை மதித்துப் பார்க்கவேண்டும். ஒரு குகை பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்கு அதன் கல் மட்டும் காரணமல்ல. யாரேனும் ஒருவர் அங்கு தொடர்ந்து விளக்கேற்றி வந்ததும் ஒரு காரணம்.

திருச்சூலமும் சார்னோகைட் பாறையும்

விமான நிலையத்திற்கு எதிரே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் திருச்சூலநாதர் கோயில் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட இக்கோயில் திருச்சூலம் புறநகர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. விமானம் ஏறச் செல்லும் பல்லாயிரம் பேரில் இதை அறிந்தவர் குறைவு.

இப்பகுதிக் குன்றுகளின் கல்லுக்கு உலக நிலவியலில் தனிப்பெயர் உண்டு. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். அவரது கல்லறைக் கல்லும் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் ஒரே வகை என்பதைக் கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அப்பாறை வகைக்கு 'சார்னோகைட்' எனப் பெயரிட்டார். பரங்கிமலைச் சார்னோகைட் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். ஆனால் அதே குன்றுத்தொடரில் பல பகுதிகள் கட்டுமான ஜல்லிக்காகப் பல ஆண்டுகள் உடைக்கப்பட்டன. வெட்டிய பள்ளங்களில் தேங்கிய நீரைத்தான் இன்று காணமுடிகிறது.

மறைமலை அடிகளின் இல்லம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மறைமலை அடிகள் (1876–1950), 1911-இல் அப்பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது இங்குதான். வேதாசலம் என்ற தம் பெயரை அவர் மறைமலை என மாற்றிக்கொண்டார். மகள் நீலாம்பிகையும் அவ்வியக்கத்தில் பங்காற்றினார். அடிகள் இங்கு சேர்த்த நூல்களே பிற்காலத்தில் சென்னையில் தொடங்கப்பட்ட மறைமலை அடிகள் நூலகத்திற்கு அடிப்படையாயின.

திருநீர்மலை

பல்லாவரத்திற்கு மேற்கே உள்ள திருநீர்மலை நூற்றெட்டு திவ்யதேசங்களுள் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். பெருமாள் இங்கு நின்ற, இருந்த, கிடந்த, நடந்த ஆகிய நான்கு நிலைகளிலும் காட்சி தருகிறார். மலையடிவாரத்தில் நீர்வண்ணர், மலைமேல் சாந்த நரசிம்மர், அரங்கநாதர், உலகளந்த பெருமாள்.

திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் அகழிபோல் நின்றதாகவும், அது வடிவதற்காக அவர் ஆறு மாதங்கள் காத்திருந்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. மலைமேல் நின்று பார்த்தால் இக்கதைக்கு நிலவியல் பொருத்தம் இருப்பது தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் பகுதி இது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கரையோரக் குடியிருப்புகள் பல மூழ்கின. நீர் எங்கு வந்து நிற்கும் என்பதைத் தலவரலாறு முன்பே குறித்து வைத்திருந்தது. வீட்டுமனை போட்டவர்கள் அதைக் கதையாக மட்டுமே கேட்டனர்.

குன்றத்தூர்

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் செல்லலாம். பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. அருண்மொழித்தேவர் என்பது அவரது இயற்பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றால், அதே பெயரில் தம் ஊரிலும் ஒரு சிவன் கோயில் எழுப்பினார் என்பது மரபு. இன்று குன்றத்தூர் செல்பவர்களில் பெரும்பாலோர் குன்றின்மேலுள்ள முருகன் கோயிலுக்கே செல்கின்றனர். சற்றுத் தள்ளியுள்ள திருநாகேச்சரம் அமைதியாக இருக்கும். சேக்கிழார் குருபூஜை வைகாசிப் பூச நாளில் நடைபெறும்.

இன்றைய நிலை

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபின் இவ்வூர்கள் நகரத்துடன் நெருங்கின. பல்லாவரம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. ஆனால் பல்லாவரம் பெரிய ஏரியை இருநூறு அடிச் சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஏரியின் ஒரு பகுதி பல ஆண்டுகள் குப்பைமேடாகக் கிடந்தது.

கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்ய ஊர் கூடுகிறது. குடைவரைக்கு வழிபடுவோர் இருக்கின்றனர். குன்றுக்கும் ஏரிக்கும் சரளைக்குழிக்கும் அப்படி யாருமில்லை. 1863-இல் ஃபூட் பார்த்த குழியும் கல் எடுக்கத் தோண்டப்பட்டதே. அன்று குனிந்து பார்க்க ஒருவர் இருந்ததால்தான் நாட்டின் வரலாறு பல லட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நீண்டது. இப்புறநகரில் எஞ்சியிருக்கும் குன்றுகளைச் சென்று பார்ப்பதற்கும், அவற்றைக் காக்கவேண்டும் எனக் கேட்பதற்கும் அதுவே போதுமான காரணம்.