பெரிய குழலில் சிறிய குண்டு: வந்தவாசி முதல் திருச்சி வரை

பெரணமல்லூருக்கு ஒரு பக்கம் ஆரணி, மறுபக்கம் வந்தவாசி. பட்டுத் தறியால் பேர்பெற்ற இந்த வட்டாரத்துக்குத் துப்பாக்கியின் வரலாற்றிலும் இடம் உண்டு. 1751 டிசம்பரில் ஆரணியில் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளி ராசா சாகிபின் படையை ஆங்கிலேயத் தளபதி கிளைவ் முறியடித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வென்றார். 1782 ஜூனில் அதே கூட் ஆரணியில் ஹைதர் அலியை எதிர்கொண்டார். மூன்று போர்களிலும் காலாட்படையின் கையில் இருந்தது உட்புறம் வழுவழுப்பான மஸ்கட் துப்பாக்கி. ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ குழலின் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதில் போட்ட ஈயக்குண்டு 17.5 மில்லிமீட்டர்தான்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை எதைக்கொண்டு அடைப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரிசையே இக்கட்டுரை. அந்த வரிசையில் ஒன்றுதான் சபோ: பெரிய குழலுக்குள் சிறிய குண்டைத் தாங்கிச் சென்று, வாயைத் தாண்டியதும் கழன்று விழும் உறை. அதிவேக வேட்டை ரைஃபிளில் அது ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் காரணத்தைப் பெரும்பாலும் வேகத்தில் தேடுகிறார்கள். காரணம் குண்டின் சுழற்சியில் இருக்கிறது என்பது என் முடிவு.

மஸ்கட்டில் இடைவெளியை அடைத்தது தோட்டாவைச் சுற்றிய காகிதம். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலில் கொட்டி, காகிதத்தோடு குண்டையும் இட்டுக் கம்பியால் இடிப்பான். சுட்டதும் குண்டு குழலுக்குள் இங்குமங்கும் மோதிக்கொண்டு வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பதில் பயனில்லை. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்சுவரில் புரி வெட்டிய ரைஃபிள் குழல் வந்தபோது பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. புரி குண்டைப் பற்றினால்தான் அது சுழலும். இறுகப் பற்றும் குண்டை வாய் வழியாக உள்ளே தள்ளுவதோ கடினம். எனவே சற்றே சிறிய குண்டை மசகு தடவிய துணியிலோ மெல்லிய தோலிலோ பொதிந்து இட்டார்கள். துணி புரியைப் பற்றியது, குண்டு துணியோடு சேர்ந்து சுழன்றது, வெளியே வந்ததும் துணி உதிர்ந்தது. சபோவின் முழு வேலையையும் அந்தத் துண்டுத்துணி அப்போதே செய்துவிட்டது.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் .577 அங்குலம். அதன் குண்டு முதலில் .568, பிறகு .55. இங்கே மிச்ச இடத்தை நிரப்பியது மசகு பூசிய காகிதம். அந்த மசகில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்திருப்பதாகப் பரவிய செய்தி 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் என்ன செய்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. மசகு அங்கே தேவைப்பட்டதே குண்டுக்கும் குழலுக்கும் இடையில் இருந்த அந்த நூலிழை இடைவெளியால்தான் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென .656 அங்குலத்தில் புரியற்ற குழலோடு தனித் துப்பாக்கியே வந்தது. குறி தவறும் துப்பாக்கியை ஆட்சியாளர் தெரிந்தே கொடுத்தார்கள்.

குழலின் அளவு அதன்பின் ஆட்சிக் கொள்கை ஆனது. 1878 ஆயுதச் சட்டம் உரிமமில்லாத துப்பாக்கியைக் குற்றமாக்கியது. படையின் .303 தனியார் கைக்குப் போகக்கூடாது என்பதால் இசாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கு .315 ரைஃபிளைச் செய்தது. 1907-இல் .450 அளவுக்கு இந்தியாவில் தடை வந்தது. படை முன்பு பயன்படுத்திய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் போய்ச் சேரும் என்ற அச்சமே காரணம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தியக் காடுகளின் வாடிக்கையாளர்களை இழக்க மனமின்றி .470, .465 என்று புதிய அளவுகளை உருவாக்கின. யானைத் துப்பாக்கிகளில் இன்றும் புகழோடு இருக்கும் .470, இந்தியத் தடையால் பிறந்த குழந்தை.

அதே மார்ட்டினி-ஹென்றியில் இன்னொரு வழியும் கையாளப்பட்டது. பயிற்சிச் செலவைக் குறைக்க, பெரிய குழலுக்குள் ‘மோரிஸ் குழல்’ என்ற மெல்லிய குழலைச் செருகி, சின்னத் தோட்டாவைச் சுட்டார்கள். சின்னக் குண்டுக்குத் தன் அளவுக்கேற்ற புரி கிடைத்தது. பின்னால் சபோ கோட்டைவிட்ட இடம் இதுதான்.

நம் ஊர்ப்புறங்களில் இவை எதுவும் வராமலே பழைய முறை தொடர்ந்தது. நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி வாய்வழி மருந்திடும் ஒற்றைக்குழல். முதலில் கரிமருந்து, அதன்மேல் தேங்காய் நாரோ கந்தைத் துணியோ வைத்து ஓர் இடி, பிறகு ஈய ரவை, மறுபடி ஓர் அடைப்பு, கடைசியாகத் தீமூட்டும் கேப்பு. குழலைவிட எத்தனையோ மடங்கு சிறிய ரவைகளை அந்த நாரடைப்புதான் புகை கசியாமல் மொத்தமாகத் தள்ளியது. காடை, கௌதாரிக்கு இது போதுமானதாக இருந்தது. குழலில் புரி இல்லாததால் சுழற்சித் தொல்லையும் இல்லை. மருந்தளவை உள்ளங்கையிலேயே கணக்கிட்டு, நார் எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் கம்பி திருப்பித் தரும் அதிர்விலேயே அறிந்துகொண்ட அந்தக் கைத்திறனை எந்தக் கையேடும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்திருக்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களின் வேட்டைத் தொழிலை முடித்தது. ஊசிமணி, பாசிமணி வியாபாரம் அந்த இடத்துக்கு வந்தது. 

இந்தியாவில் வேட்டைக்குக் கதவு சாத்தப்பட்டு ஐந்தாண்டு ஆனபோது, 1977-இல், அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் ‘ஆக்சிலரேட்டர்’ தோட்டாவை வெளியிட்டது. மான் வேட்டைக்குரிய .30-06 ரைஃபிளில் .224 அங்குலக் குண்டு. குண்டைச் சுற்றி ஆறு இதழாகப் பிளந்த பிளாஸ்டிக் கிண்ணம். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கனம். குண்டின் எடை 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம். குழல்வாயில் வேகம் நொடிக்கு 4,080 அடி, ஏறத்தாழ 1,244 மீட்டர். அதே ரைஃபிளில் வழக்கமான 150 கிரெயின் குண்டு 2,900 அடி வேகத்தில்தான் போகும். வாயு அழுத்தம் பெரிய குழலின் முழுப் பரப்பிலும் தள்ளுகிறது. தள்ளப்படும் பொருளோ கனமற்றது. வேகம் எகிறுவதற்கு இதுவே கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் .308, .30-30 துப்பாக்கிகளுக்கும் இத்தகைய தோட்டா வந்தது.

ஒரே துப்பாக்கியில் இலையுதிர் காலத்தில் மான், கோடையில் புல்வெளி நாய் என்னும் சின்னக் கொறிவிலங்கு: இரண்டாவது ரைஃபிள் வாங்க வசதியில்லாத விவசாயிக்கு இது உண்மையிலேயே நல்ல வாக்குறுதி. கிண்ணத்தின் இதழ்கள் குழல்வாய்க்குச் சற்று முன்னால் தரையில் விரிந்து கிடப்பதைப் பொறுக்கிப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அவற்றின் முதுகில் புரியின் தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். குண்டின் மேல் ஒரு கீறலும் இராது. குண்டைக் கொண்டு துப்பாக்கியை அடையாளம் காணும் தடய அறிவியலுக்கு இது ஒரு தலைவலி. இதழ் கிடைத்தால்தான் வழக்கு நகரும்.

இலக்கு அட்டையைப் பார்த்தபோது வியப்பு வடிந்தது. நூறு கெஜத்தில் இரண்டு, மூன்று அங்குலம் சிதறல் என்பதே பலரின் அனுபவம். அதே வேலைக்கென்றே செய்த .22-250 ரைஃபிள் ஓரங்குலத்துக்குள் அடிக்கும். நூறில் மூன்று அங்குலம் இருநூறில் ஆறாகும். சுட வேண்டிய விலங்கின் உடல் அகலம் அதைவிடக் குறைவு. மான் தோட்டாவுக்குச் சரிசெய்த தொலைநோக்கியில் ஆக்சிலரேட்டர் வேறு இடத்தில் விழுந்தது. ஆகவே தோட்டா மாற்றும்போதெல்லாம் குறியை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஒரே துப்பாக்கி என்ற வசதி அங்கேயே பாதி போயிற்று. வெறும் சபோக் கிண்ணம் வாங்கி வீட்டில் தோட்டா நிரப்பியவர்கள் மருந்தைக் குறைத்து, வேகத்தைத் தணித்துப் பார்த்தார்கள். சிதறல் குறைந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. வேகத்துக்காகப் பிறந்த தோட்டாவை மெதுவாகச் சுட்டால் அப்புறம் அது எதற்கு?

கணக்கு போட்டால் காரணம் தெரிகிறது. .30-06 குழலின் புரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. கனத்த, நீண்ட குண்டுக்காக வெட்டிய புரி அது. 4,080 அடி வேகத்தில் அதில் செல்லும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,90,000 முறை சுழலும். அதே 55 கிரெயின் குண்டு, பன்னிரண்டு அங்குலப் புரி கொண்ட .223 ரைஃபிளில் 1,94,000 முறைதான் சுழலும். ஒன்றரை மடங்கு சுழற்சியில், குண்டின் எடைமையம் மயிரிழை விலகியிருந்தாலும் அது பாதையை விட்டு விலகும். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் குண்டு துல்லியமாக நடுவில் நிற்பது அரிது. ஆறு இதழும் ஒரே கணத்தில் விரிவதும் அரிது. சின்னப் பிழையைப் பெரும்பிழையாக்கியது அந்த மிகைச் சுழற்சியே.

சபோக் குண்டு குறி தவறுவதைப் போர்க்களம் முன்பே கண்டிருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் எட்கர் பிராண்ட் தொடங்கிய வேலையைப் பிரிட்டனில் பெர்மட்டர், காப்பாக் இருவரும் முடித்தார்கள். 1944-இல் 6 பவுண்டர், 17 பவுண்டர் பீரங்கிகளுக்குச் சபோக் குண்டு வந்தது. அந்த ஆகஸ்டில் நார்மண்டியின் இசினி அருகே அமெரிக்கர் நடத்திய சோதனையில் 17 பவுண்டரின் சபோக் குண்டுகள் குறி தவறின. எஃகைத் துளைக்கும் ஆற்றல் இருந்தது, படவேண்டிய இடத்தில் படவில்லை.

சபோ நிலைத்த இடங்கள் வேறு. 1985-இல் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் டோனி நைட் உருவாக்கிய புதுவகை வாய்வழி ரைஃபிள்களில் .50 குழலுக்குள் .44, .45 கைத்துப்பாக்கிக் குண்டுகள் சபோவில் போயின. அங்கே புரி குண்டுக்கேற்ப வெட்டப்பட்டது. தூரமும் குறைவு, இலக்கான மான் பெரிது. புரியிட்ட ஷாட்கன் குழல்களிலும் இதே வெற்றி.

இந்தியாவில் சபோ வேட்டைத் துப்பாக்கிப் படியை மிதிக்காமலே பீரங்கிக்குப் போனது. திருச்சியின் கனரக உலோகக் கலவை ஊடுருவித் தொழிற்சாலை, டாங்கிக் குண்டுகளுக்கான டங்ஸ்டன் கலவை ஈட்டிகளைச் செய்கிறது. ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் 120 மில்லிமீட்டர் குழலில், சபோ தாங்கிய அந்த மெல்லிய ஈட்டி நொடிக்கு 1,600 மீட்டர் அளவில் பாய்கிறது. அர்ஜுனின் குழல் புரியிட்டது. ஈட்டியை நேராக வைத்திருப்பதோ சுழற்சி அல்ல, வால் துடுப்பு. மிகையாகச் சுழன்றால் அது கெடும். ஆகவே சபோவின் வெளிப்புற வளையம் புரியைப் பற்றித் தான் மட்டும் சுழல்கிறது. உள்ளே இருக்கும் சபோவுக்கும் ஈட்டிக்கும் சுழற்சியில் சிறு பங்குதான் போய்ச் சேருகிறது. ஆக்சிலரேட்டரின் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் அப்படியொரு வழுக்கு வளையத்துக்கு இடமில்லை; இடம் இருந்தாலும் பயனில்லை, துடுப்பற்ற அந்தக் குண்டு சுழற்சியை நம்பித்தான் பறந்தது.