'சினிமா'வின் முதலெழுத்து

தெல்தோட்டை என்ற மலையக ஊர்ப்பெயர் சிங்களத்திலிருந்து வந்தது. அங்கே 'தெல்' ஒரு பலாவின மரம், 'தொட்ட' என்றால் துறை. தமிழ் நாவில் ஏறியதும் அது 'தோட்டை' ஆகிவிட்டது. அம்பாந்தோட்டைக்கும் இதே கதைதான். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு, வழியில் ஒலி மாறிய பெயர்கள் புதிதல்ல. 'சினிமா'வும் அப்படியொரு பெயர்.

கிரேக்கத்தில் 'கினேமா' என்றால் அசைவு. ஜெர்மானியரும் ருசியரும் அந்தக் ககரத்தை விடாமல் 'கினோ' என்கிறார்கள். அமெரிக்காவில் எடிசனின் கருவிக்குப் பெயர் 'கினெட்டோஸ்கோப்'. லண்டனில்கூட 'கினிமாட்டோகிராஃப் வீக்லி' என்றொரு தொழில் ஏடு வந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, நம் வாயில் சகரம் எப்படி வந்தது?

பிரெஞ்சு வழியாக. கிரேக்கச் சொற்களின் ககரத்தை எழுதப் பிரெஞ்சுக்காரர் பயன்படுத்தும் 'சே' என்ற எழுத்து, இகரம் தொடர்ந்தால் ஸகரமாக ஒலிக்கும். லெயோன் பூலி என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் தாம் உருவாக்கிய கருவிக்கு 'சினெமாட்டோகிராஃப்' என்று பெயரிட்டார். அசைவை எழுதுவது என்று பொருள். உரிமக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்ட அவரால் இயலவில்லை, பெயரும் கைவிட்டுப் போயிற்று. அதை எடுத்துக்கொண்ட லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28இல் பாரிஸில், கிராண்ட் கஃபேயின் நிலவறையில், கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். புகழ் லூமியேருக்குப் போனது. பூலியின் பெயரை இன்று எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்? அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். நீண்ட பெயரைப் பிரெஞ்சுப் பேச்சு 'சினெமா' என்று சுருக்கிக்கொண்டது.

தமிழருக்குக் கருவியும் பிரெஞ்சுக் கையிலிருந்தே வந்தது. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டினார். இலங்கையில் அதற்கு முன்பே, 1901இல், போயர் போர்க்கைதிகளுக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அங்கே கே. குணரத்தினத்தின் திரைப்பட நிறுவனத்துக்குப் பெயரே 'சினிமாஸ்'. அரசு நிறுவனமோ 'திரைப்படக் கூட்டுத்தாபனம்' ஆனது. பேச்சில் நாம் பார்ப்பது எப்போதும் 'படம்'தான்; 'சினிமா' என்பது அந்த உலகம் முழுவதுக்கும் பெயர். இந்தப் பாகுபாட்டை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஆகவே, கண்டியின் அலியான்ஸ் பிரான்சேஸிலோ கைபேசித் திரையிலோ முதல் பிரெஞ்சுப் படத்தைப் பார்க்கும் தெல்தோட்டை இளைஞர், சிறுவயதிலிருந்து தாம் சொல்லிவரும் சொல்லின் பிறந்த வீட்டுக்குள்தான் போகிறார். அவருக்கு நான் சொல்லும் விசித்திரமான படம் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962). அரைமணி நேரத்துக்கும் குறைவான அறிவியல் கதை. ஏறத்தாழ முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. அசைவு என்று பொருள்படும் கலையில், அசைவே இல்லாமல் ஒரு காதலையும் ஒரு மரணத்தையும் சொல்லிவிடுகிறார். ஒரேயொரு இடத்தில் மட்டும் படம் உண்மையிலேயே அசைகிறது. அது எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்குகிறவர்கள் முதலில் அல்பேர் லமோரிஸின் 'சிவப்பு பலூன்' (1956) பார்க்கலாம். பேச்சு மிகக் குறைவு. வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் பார்த்ததில் எது விசித்திரம் என்று எனக்கும் சொல்லுங்கள்.